28 த்ரெட் பெட்டியில் கேம் ஓடுமா? ஒரு டை டிசைனரின் அனுபவக் கணக்கு

கோயம்புத்தூரில் வீட்டு மாடியிலேயே டை டிசைன் வேலை செய்கிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு வார்ப்பு அச்சு, இம்பெல்லர் மாடல், பழைய டிராயிங்கை 3டி ஆக்கித் தருவது என்று ஓடுகிறது பிழைப்பு. சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் மென்பொருள்தான் சோறு போடுகிறது. அதற்காக 2023இல் ஒரு கடையில் பழைய எச்பி இசட்440 ஒர்க்ஸ்டேஷன் ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஜியான் ஈ5-2680 வி4 பிராசசர், 32 ஜிபி ரேம், என்விடியாவின் தொழில்முறை கிராஃபிக்ஸ் கார்டான க்வாட்ரோ எம்4000. கடைக்காரர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 28 கட்டங்களைக் காட்டினார். "14 கோர், 28 த்ரெட் சார். எதைப் போட்டாலும் பறக்கும்" என்றார். கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி, த்ரெட் என்பது அது ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலை வரிசை, இங்கே கோருக்கு இரண்டு. 28 கட்டத்தை ஒரே திரையில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

அடுத்த மே மாதம் அக்கா பையன் லீவுக்கு வந்தான். பெட்டியைப் பார்த்ததும் அவனுக்கும் அதே ஆசைதான். ஜிடிஏ 5ஐயும் வேலரண்ட்டையும் ஒரே ராத்திரியில் இறக்கிவிட்டான். மறுநாள் காலையில் காபி டம்ளரோடு வந்து நின்றான்.

"மாமா, சிட்டிக்குள்ள போனா இழுக்குது. ஆனா சிபியு பதினெட்டு பர்சன்ட்தான் காட்டுது. சும்மாதான இருக்கு, அப்புறம் ஏன் இழுக்குது?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், ஒர்க்ஸ்டேஷனில் கேம் ஆடுவது பற்றிப் பாதி விஷயம் தெரிந்த மாதிரி.

சும்மா இருக்கிற கோர்கள்

டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த சதவீதம் 28 த்ரெட்டுக்குமான சராசரி. ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடி, மற்ற 27ம் படுத்துக் கிடந்தால் மொத்தம் எவ்வளவு காட்டும்? 100ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள். நாலு சதவீதம்கூட வராது. அதனால் 18 சதவீதம் என்பதை வைத்துப் பிராசசர் ஓய்வாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், 14 லேத் போட்ட பட்டறையில் ஒரே ஒரு ஷாஃப்ட்டைக் கடைகிற கதை. ஷாஃப்ட்டை 14 துண்டாக வெட்டிப் பங்கு போட முடியாது. ஒரு லேத்தில்தான் ஏறும், அந்த லேத் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு வேகத்தில்தான் முடியும். கேமிலும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தே தீர வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அது ஒரு கோரின் தலையில்தான் விழும். இப்போதைய கேம்கள் ஆறு, எட்டு கோர்வரை நன்றாகப் பயன்படுத்துகின்றன. அதற்கு மேல் இருப்பவை பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும்.

2680 வி4இன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானாக ஏறும் டர்போ வேகம் அதிகபட்சம் 3.3. இது 2016இல் வந்தது. இப்போது கேமிங் பெட்டியில் ஆரம்ப நிலைக்குப் போடும் கோர் ஐ3-12100எஃப்பில் நாலே கோர்தான், ஆனால் 4.3 வரை போகும். கட்டமைப்பும் புதிது என்பதால் அதே வேகத்திலேயே அதிக வேலை முடிக்கும். பல கேம்களில் அந்தச் சின்ன ஐ3 இந்த 14 கோரை ஓரம் கட்டிவிடும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய சரக்கு என்பதால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2017இல் ஏஎம்டி 16 கோர் த்ரெட்ரிப்பர் 1950எக்ஸ்ஸை வெளியிட்டபோது, அதன் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் 'கேம் மோட்' என்று ஒரு வசதி வைத்தது. அதைப் போட்டால் பாதி கோர் அணைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய கோர்களைக் கேமுக்காக அணைத்து வைக்கச் சொல்லி, தயாரித்தவரே ஒரு பட்டன் கொடுக்கிறார்! 2023இல் வந்த த்ரெட்ரிப்பர் ப்ரோ 7995டபிள்யூஎக்ஸ்ஸில் 96 கோர், அறிமுக விலை 9,999 டாலர். அதே வருஷம் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டியில் 8 கோர், விலை 449 டாலர். கேமுக்கு இரண்டாவதுதான் ராஜா. சிப்பின் மேல் அடுக்கி வைத்ததையும் சேர்த்து அதில் உள்ள 96 எம்பி எல்3 கேஷ் அதற்குக் காரணம். கேம் கேட்கும் தரவு ரேம் வரை போகாமல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

கையில் ஏற்கனவே ஒர்க்ஸ்டேஷன் இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை இறக்கிப் போடுங்கள். இலவசம். கூடவே வரும் ரிவாட்யூனரையும் போட்டுக்கொண்டு, திரை மூலையில் மூன்று விஷயம் தெரிகிற மாதிரி வையுங்கள்: எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்), கிராஃபிக்ஸ் கார்டின் உழைப்பு சதவீதம், ஒவ்வொரு த்ரெட்டின் சதவீதம். பிறகு கேமில் எங்கே இழுக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள்.

கார்டு 97, 98, 99 என்று நின்றால் கார்டுதான் முட்டுக்கட்டை. கார்டு 60 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருக்க, எஃப்பிஎஸ்ஸும் குறைவாக, ஏதாவது ஒன்றிரண்டு த்ரெட் மட்டும் உச்சியில் நின்றால் பிராசசர். எங்கள் பெட்டியில் இரண்டுமே இருந்தது. ஜிடிஏவில் மலைப்பக்கம் போனால் கார்டு 99. ஊருக்குள் கூட்டத்தில் நுழைந்தால் கார்டு இறங்கி, ஒரு த்ரெட் ஏறும். இன்னொரு சோதனையும் உண்டு. ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் கூடினால் கார்டு, அசையாமல் நின்றால் பிராசசர். இதற்கு மென்பொருளே தேவையில்லை, கடையில் வைத்தே செய்து பார்க்கலாம்.

க்வாட்ரோ என்றால் கேமுக்கு ஆகாதா?

ஆகும். க்வாட்ரோவில் கேமே ஓடாது என்று சிலர் சொல்வது தப்பு. அதே சிப்தான், டைரக்ட்எக்ஸ் எல்லாம் உண்டு. என் எம்4000ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள சிப்பும் ஜிடிஎக்ஸ் 970இல் உள்ள சிப்பும் ஒரே குடும்பம், இரண்டிலும் 1664 கூடா கோர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதி). எம்4000இல் நினைவகம் 8 ஜிபி, 970இல் 4 ஜிபி. ஆனால் எம்4000 ஒற்றை ஸ்லாட் தடிமனில் 120 வாட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் அதன் வேகத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் கேமில் 970க்குக் கீழேதான் நிற்கும். புதிதாக வந்த காலத்தில் விலையோ பல மடங்கு.

அந்தக் கூடுதல் விலை எதற்குப் போகிறது? சாலிட்வொர்க்ஸ் மாதிரி மென்பொருளுக்குச் சோதித்துச் சான்று கொடுத்த டிரைவர், பெரிய நினைவகம், நாள் முழுக்க ஓடினாலும் தாங்குகிற நிதானம். இதில் எதையும் கேம் கேட்பதில்லை. மேல்மட்டத்திலும் அதே கதைதான். ஆர்டிஎக்ஸ் 6000 அடாவில் 48 ஜிபி, 18,176 கோர், 300 வாட் வரம்பு. ஆர்டிஎக்ஸ் 4090இல் 24 ஜிபி, 16,384 கோர், 450 வாட், அறிமுக விலை 1,599 டாலர். 6000 அடாவின் விலை அதைப்போல நாலு மடங்குக்கும் மேல். கேமில் அந்த விலை வித்தியாசத்தைத் தேடினால் கிடைக்காது. வாட் வரம்பு அதிகம் என்பதால் 4090 சமமாகவோ முன்னாலோ ஓடும்.

சின்னதாக ஒன்று. எம்4000இல் நாலு டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான், எச்டிஎம்ஐ கிடையாது. டிவியில் மாட்டி ஆட நினைத்தால் அடாப்டர் வாங்க வேண்டும். அப்புறம், மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறை ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. ஆகவே கேமை மனதில் வைத்து, அதே தலைமுறைகளைச் சேர்ந்த எம் வரிசை, பி வரிசை க்வாட்ரோவை இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டாம். பெட்டியோடு வந்தால் வரட்டும்.

நான் மாற்றியவை

ரேமிலிருந்து ஆரம்பித்தேன், செலவு குறைவு என்பதால். பெட்டியில் 16 ஜிபி குச்சி இரண்டு இருந்தது. இந்த பிராசசர்களுக்கு நாலு சேனல். இரண்டு குச்சி போட்டால் பாதி வழிதான் திறந்திருக்கும். இரண்டையும் கொடுத்துவிட்டு 8 ஜிபி நாலு வாங்கினேன். எந்தக் குழியில் எது என்பது பக்கவாட்டு மூடியின் உள்பக்கம் படமாகவே இருக்கிறது. கவனம், இது ரிஜிஸ்டர்டு ஈசிசி ரேம், அதாவது சர்வர், ஒர்க்ஸ்டேஷனுக்கான பிழை திருத்தும் ரேம். சாதாரண டெஸ்க்டாப் ரேம் இதில் வேலை செய்யாது, இந்த ரேம் சாதாரண போர்டிலும் வேலை செய்யாது.

அடுத்தது பிராசசர். இதே சாக்கெட்டில் உட்காரும் ஈ5-1650 வி4 ஒன்றை ஐயாயிரத்துக்குள் பிடித்தேன். 6 கோர், 12 த்ரெட், அடிப்படை 3.6, டர்போ 4.0. 14 கோரைக் கழற்றி 6 கோர் போடுகிறாயே என்று பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் சிரித்தார். ஹீட்சிங்க்கின் நாலு மூலைத் திருகையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே மூலையை முழுக்கக் கழற்றினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சாக்கெட்டில் லீவர் இரண்டு, ஒன்று அல்ல. இரண்டையும் தூக்கினால்தான் தட்டு திறக்கும். கீழே உள்ள ஊசிகளில் விரல் படக் கூடாது. பழைய பேஸ்ட்டைத் துடைத்து, கடலை அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடினேன். அரை மணி நேர வேலை.

பெட்டியை மூடிவிட்டு முதலில் திறந்தது கேம் அல்ல, என் வேலை. நூற்றுச் சொச்சம் ஃபீச்சர் உள்ள ஒரு வால்யூட் (பம்ப்பின் சுருள் உறை) மாடலை ரீபில்ட் போட்டேன், அதாவது முதலிலிருந்து மறுபடி கணக்கிட வைத்தேன். பழைய பிராசசரைவிடச் சட்டென்று முடிந்தது, கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். சாலிட்வொர்க்ஸில் மாடலை ரீபில்ட் செய்வது பெரும்பாலும் ஒரே கோரின் வேலை. ஃபீச்சர் ஒன்றுக்குப் பின் ஒன்றுதான் வர முடியும், அதே ஷாஃப்ட் கதை. பையன் கேமுக்காகக் கேட்டதும் எனக்கு வேலைக்குத் தேவைப்பட்டதும் ஒன்றே. ஒன்றரை வருஷமாக அது தெரியாமல் 28 கட்டத்தைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமுலேஷனும் ரெண்டரும் இப்போது முன்பைவிட நேரம் எடுக்கின்றன, உண்மைதான். ராத்திரி ஓடவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

கரண்ட் வயர்: இங்கேதான் கை சுட்டுக்கொண்டேன்

கார்டு என்று செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன், 8 ஜிபி, 13,500 ரூபாய். அதற்கு 8 பின் பவர் வேண்டும். என் பெட்டியின் 700 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் (கரண்ட் சப்ளை பெட்டி) கார்டுக்கென்று 6 பின் வயர் இரண்டுதான். ஒன்று எம்4000இல் மாட்டியிருந்தது, இன்னொன்று கேபிள் கட்டுக்குள் ஒளிந்திருந்தது, என் கண்ணில் படவில்லை. அவசரத்தில் ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பவரிலிருந்து 8 பின் எடுக்கும் ஒரு அடாப்டரை வாங்கி மாட்டிவிட்டேன். பத்து நிமிஷம் கேம் ஓடியிருக்கும். ஈயம் பற்றவைக்கிற மாதிரி ஒரு வாடை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திறந்தால், சாட்டா முனையின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம்.

கணக்கை முன்னாலேயே போட்டிருக்கலாம். சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்ப், ஆக மொத்தம் 54 வாட்தான் தாங்கும். 8 பின் முனையோ 150 வாட் வரை கேட்கலாம். சாட்டாவிலிருந்து 8 பின் எடுக்கும் அடாப்டர் எந்தக் கடையில் தொங்கினாலும் தொட வேண்டாம்.

சரியான கணக்கு இது. ஸ்லாட் 75 வாட் வரை தரும். 6 பின் வயர் இன்னொரு 75. இரண்டும் சேர்ந்து 150. ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132. ஆக, நல்ல தரமான 6 பின்னிலிருந்து 8 பின் மாற்றி ஒன்று போதும், விதிமுறைக்குள்ளேயே அடங்குகிறது. இப்போது அப்படித்தான் ஓடுகிறது. ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170 வாட், இந்தக் கணக்கில் அடங்காது. இரண்டு 6 பின்னையும் சேர்த்து ஒரு 8 பின் ஆக்கும் வயர் வேண்டும். எதுவுமே வேண்டாம் என்றால் பவர் வயரே கேட்காத 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 இருக்கிறது, 70 வாட்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே என்று நினைப்பீர்கள். இந்தப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் சொந்த அளவு, சொந்த முனை. கடையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் நேராக உட்காராது. அதனால் பழைய ஒர்க்ஸ்டேஷன் வாங்கப் போனால் மூடியைத் திறக்கச் சொல்லி, எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ், கார்டுக்கு எத்தனை வயர் என்று கையால் தொட்டுப் பாருங்கள். இசட்440 இலேயே 525 வாட் ஒன்றும் 700 வாட் ஒன்றும் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது.

கார்டு தேர்வில் இன்னும் இரண்டு பொறி. இன்டெல் ஆர்க் கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று போட வேண்டாம். ரீசைஸபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் பிராசசர் ஒரேயடியாக எட்டும் வசதி) இல்லாத போர்டில் அது படுத்துவிடும், இசட்440 காலத்துப் போர்டுகளில் அந்த வசதி வராது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியும் வேண்டாம். அதற்கு நாலு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே, இந்தப் போர்டுகளின் பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் அது கழுத்தைப் பிடிக்கும். 6600க்கு எட்டு லேன், இழப்பு சொற்பம்.

எம்4000ஐ நான் கழற்றவில்லை. சாலிட்வொர்க்ஸில் ரியல்வியூ பட்டன் கேமிங் கார்டில் மங்கிப்போய்விடும், அமுக்கவே முடியாது. வாடிக்கையாளருக்கு வார்ப்பு பளபளப்போடு காட்ட அது எனக்கு வேண்டும். அதனால் இரண்டு கார்டு, இரண்டு மானிட்டர். வேலை மானிட்டர் எம்4000இல், பையனுடையது 6600இல். கேம் ஆடும்போது அவன் மானிட்டரை முதன்மைத் திரையாக மாற்றிக்கொள்கிறான். ஏஎம்டி டிரைவரும் என்விடியா டிரைவரும் இதுவரை சண்டை போடவில்லை.

விண்டோஸ் தலைவலி

கடைசியில் மாட்டிக்கொண்டது இதில்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஈ5 வி3, வி4 பிராசசர்கள் விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. சுற்றுவழியில் போட முடியும், ஆனால் விண்டோஸ் 11இல் வேலரண்ட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்துப் பெட்டியைத் தொடங்கும் வசதி) இரண்டையும் கேட்கும். பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாமல் திறக்கவே திறக்காது. ஆகவே ஆன்லைன் ஷூட்டர்தான் முக்கியம் என்றால், வாங்கும் முன் பயாஸில் (பெட்டி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) நுழைந்து இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக உட்கார்ந்து கதை கேம் ஆடுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

புதிதாக ஒன்றைத் தேடுகிறவருக்கு என் யோசனை: வி2 வரையிலான டிடிஆர்3 பெட்டிகளை, அதாவது இசட்420 காலத்துச் சரக்கை விட்டுவிடுங்கள். அவற்றின் பிராசசரில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை, சில புதுக் கேம்கள் அது இல்லாமல் ஆரம்பிக்காது. இரண்டு பிராசசர் போட்ட பெட்டியும் வேண்டாம். ஒரு பிராசசர் பக்கம் இருக்கிற ரேமை மற்றது எட்டிப் பார்க்க நேரம் ஆகும், கேம் அதில்தான் தடுக்கும். கொஞ்சம் காசு கூட்டினால் ஜியான் டபிள்யூ-2135 அல்லது 2145 போட்ட எச்பி இசட்4 ஜி4, டெல் பிரிசிஷன் 5820 பாருங்கள். டர்போ 4.5 வரை போகும், விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது.

கேம் மட்டும்தான், வேறு வேலை இல்லை என்றால்? ஒர்க்ஸ்டேஷன் பக்கமே போக வேண்டாம். அதே காசில் ஐ3-12100எஃப் அல்லது ரைசன் 5 5600 போட்டு ஒரு பெட்டி கட்டினால் கரண்டும் மிச்சம். என் பெட்டி சும்மா இருக்கும்போதே 80 வாட்டை ஒட்டி இழுக்கிறது, பிளக் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈபி பில்லைப் பார்த்துவிட்டு என் வீட்டம்மா, "இந்தப் பொட்டியை ராத்திரி அணைச்சுட்டுப் படுக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். சிமுலேஷன் ஓடுகிறது என்றேன். நம்பவில்லை.

கழற்றிய 2680 வி4 ரொம்ப நாள் மேசை இழுப்பறையில் கிடந்தது. போன மாதம் விற்பனைக்குப் போட்டேன். திருப்பூரிலிருந்து ஒரு பையன் பஸ் ஏறி வந்தான்.

"கேமுக்கா தம்பி?" என்றேன்.

"இல்லைங்ண்ணா, பிளெண்டர்ல ரெண்டர் போட. கேமுக்கு இது ஆகாதுங்களே."

சொன்ன விலையில் ஐந்நூறு குறைத்துக் கொடுத்தேன்.